எபாக்ஸி கலக்க எந்த டிரில்?

பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், மெஷின் வாங்குவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது எங்கள் தெருவில் வழக்கமாகிவிட்டது. சமீபத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். "கார் ஷெட் தரைக்கு எபாக்ஸி போடப் போறோம் சார். கலக்க எந்த டிரில் வாங்கலாம்?"

மெதுவாகச் சுற்றுவதை வாங்குங்கள் என்றேன். இருவருமே என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கடையில் வேகத்தைக் காட்டித்தானே விற்கிறார்கள்!

எபாக்ஸி என்பது பெயிண்ட் மாதிரி காற்றில் உலர்கிற சரக்கு இல்லை. ரெசினும் ஹார்டனரும் சொன்ன அளவில், சொன்னபடி கலந்தால்தான் இறுகும். கலக்காமல் விட்ட இடம் மாதக்கணக்கானாலும் பிசுபிசுவென்றே இருக்கும். அதன்மேல் இன்னொரு கோட் அடித்து மறைக்க முடியாது. சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சரக்கும் போச்சு, கூலியும் போச்சு.

தோசை மாவை மிக்ஸியில் அரைத்தால் சூடேறிவிடும், கிரைண்டர்தான் சரி என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். இங்கேயும் அதே கணக்குதான். சாதாரண 10 எம்.எம். டிரில் நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு மேல் ஓடும். அந்த வேகத்தில் கலக்கினால் காற்று உள்ளே போய்க் குமிழி கட்டும்; தரையில் ஊசி குத்திய மாதிரி ஓட்டைகள் விழும். 300லிருந்து 450 சுற்று தாராளம்.

"சுவிட்சை லேசா அழுத்தினா மெதுவாத்தானே சுத்தும்?" என்று கேட்கலாம். சுற்றும். ஆனால் டிரில்லுக்குள் இருக்கும் விசிறி மோட்டார் தண்டிலேயேதான் பொருத்தப்பட்டிருக்கிறது. மோட்டார் மெதுவானால் விசிறியும் மெதுவாகும். கூழ் மாதிரி கெட்டியான சரக்கில் அப்படி ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை வரும். இரண்டு கியர் உள்ள டிரில்லில் முதல் கியர் போட்டால் மோட்டார் தன் வேகத்தில் ஓடும், சக் மட்டும் மெதுவாக, வலுவாகச் சுற்றும். வாட்ஸைப் பார்ப்பதற்கு முன் கியர் இருக்கிறதா என்று பாருங்கள். 13 எம்.எம். சக்கும் பக்கவாட்டுக் கைப்பிடியும் கட்டாயம் வேண்டும். துடுப்பு பக்கெட் ஓரத்தில் மாட்டினால் மெஷின் மணிக்கட்டை முறுக்கிவிடும். நம் வயதில் அது லேசில் ஆறாது. சுவிட்சை லாக் செய்யாதீர்கள். சுத்தியல் குறியிலும் வைக்காதீர்கள்.

எந்த மெஷினாலும் பக்கெட்டின் அடியையும் ஓரத்தையும் முழுசாகக் கலக்க முடியாது. மூன்று நிமிடம் கலக்கி, ஓரத்தைக் கரண்டியால் வழித்துவிட்டு, வேறு பக்கெட்டுக்கு மாற்றி இன்னொரு நிமிடம் கலக்குங்கள். கலந்ததும் தரையில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். மொத்தமாக பக்கெட்டிலேயே கிடந்தால் தானே சூடேறிக் கட்டியாகிவிடும். வெயில் 10 டிகிரி கூடினால் கிடைக்கிற நேரம் ஏறக்குறைய பாதியாகும். சித்திரை மாதத்தில் இந்த வேலை காலை ஏழு மணிக்கே தொடங்கட்டும்.

ஒரு ஷெட்டுக்காக மெஷின் வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். கலக்குவதற்கென்றே இருக்கும் இரட்டைக் கைப்பிடி மிக்ஸர் உங்கள் ஊரில் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். மிச்சமாகும் பணத்தில் கலக்குகிற பையனுக்கு நல்ல கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், அதற்குப் பிறகு கொஞ்சம் பட்டாலே அரிக்கும். அவனுக்கு அதுதான் பிழைப்பு. டிரில்லுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிற நாம் கையுறைக்குக் கணக்குப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.