பாட்டு ஏமாற்றிவிடும்

பள்ளி விடுமுறையில் எங்கள் மலைக்கு ஏறும் தாப்பா சாலை படும் பாட்டை இந்தப் பத்தியில் போதுமான அளவு புலம்பியாயிற்று. இருந்தும் ரிங்லெட்டில் நின்ற வண்டி வரிசையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வரிசையில் மாட்டிக்கொண்டு ஒலிபெருக்கி பழுதுபார்ப்பவர் மேலே வரவில்லை. அதனால் எங்கள் தோட்டத்துக் கோயிலில் நடந்த வேலை இருக்கிறதே, நெரிசல் மறந்தேபோயிற்று.

இரண்டு நாளில் திருவிழா. ஆம்ப்ளிஃபயரில் குரல் ஈனமாக வந்தது. தேயிலை ஆலையில் மின்வேலை பார்க்கும் தம்பி பழைய எம்பி3 பிளேயரோடு வந்தார்.

"சீர்காழியைப் போடுங்க தம்பி."

"பாட்டு வேணாம்ண்ணே, ஏமாத்திடும்."

அவர் போட்டது ஏற்ற இறக்கமில்லாத ஒரே 'ஊ'. விநாடிக்கு 400 அதிர்வுள்ள சைன் அலை. வழக்கமான 1,000 வைத்தால் மலிவு மீட்டர் தடுமாறுமாம். 50 கூடவே கூடாது; அது தெனாகா மின்சாரத்தின் சொந்தச் சுருதி, இரைச்சலோடு குழம்பும். பிளேயரின் ஒலியை மைக் வாய் தாங்காதென்று ரெசிஸ்டர் இரண்டு வைத்துக் குறைத்தார். பிறகு கட்டம் கட்டமாக மீட்டர் முனையை நகர்த்தினார். ஒரு கப்பாசிட்டரின் முன்காலில் இருந்த அலை பின்காலில் அநேகமாக இல்லை. பிடிபட்டது திருடன்!

இந்த 'ஊ'வுக்குப் பெரிய குலம் உண்டு. எங்கள் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிப் பத்தாண்டு கழித்து, 1939இல், ஹியூலெட்டும் பேக்கர்டும் கலிஃபோர்னியாவில் ஒரு கார் கொட்டகையில் கம்பெனி ஆரம்பித்தார்கள். முதல் சரக்கே இப்படி 'ஊ' போடும் பெட்டிதான். அலையின் உயரம் ஏறி இறங்காமல் பிடித்து வைக்க ஹியூலெட் உள்ளே பொருத்தியது ஒரு சிறு மின்பல்பு! சூடேறினால் பல்பின் தடை கூடும், அலை அடங்கும். விலை 54 டாலர் 40 காசு. டிஸ்னி நிறுவனம் 'ஃபேன்டேசியா' படத்துக்காக எட்டுப் பெட்டி வாங்கியது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத கதை.

தம்பி சொன்னது சரிதான். தெரிந்த பாட்டென்றால் கருவி விழுங்கியதை நம் நினைவே நிரப்பிக் கேட்டுவிடும். 'ஊ'வை யாரும் ரசிப்பதில்லை. ஆகவே அது குறையை மூடிமறைக்காது.

இப்போதைய கைப்பேசிகள் பலவற்றில் இயர்போன் ஓட்டையே இல்லை. ஓட்டையுள்ள பழைய பிளேயரைக் குப்பையில் போடாதீர்கள்; 'ஊ' போட உதவும். திருவிழாக் குழுவினரே, ஒலிபெருக்கிக்காரரிடம் புதுப் பாட்டு என்ன இருக்கிறது என்று பிறகு கேளுங்கள்; 400 இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.