அழித்தோம் என்கிறார்கள், அழிந்ததா?

காகிதத்தைக் கொளுத்திச் சாம்பலைக் காட்டினால் நம்பலாம். கரும்பலகையைத் துடைத்து வெறும் பலகையைக் காட்டினாலும் நம்பலாம். கணினித் திரையைக் காட்டி, "எல்லாவற்றையும் அழித்துவிட்டோம், பாருங்கள், ஒன்றுமே இல்லை!" என்கிறார்களே, அதை மட்டும் நம்பிவிடாதீர்கள், தோழர்களே! அங்கே அழிந்தது எழுத்தன்று; எழுத்து இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு மட்டுமே!

இதெல்லாம் கணினிக்காரர்களின் கவலை. கடலோடிக்கும் கரிமூட்டக்காரனுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது! அவர்களுக்குத்தான் முதலில் இருக்கிறது!

இராமநாதபுரத்திலும் மண்டபத்திலும் பாம்பனிலும் இராமேசுவரத்திலும் வாழும் ஓர் ஏழைத் தொழிலாளியின் பெயர் இன்று எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 2008 நவம்பரில் கடல்வழியே வந்தவர்கள் மும்பையில் கொலைவெறி ஆடினார்கள். அதன் பிறகு, கடலுக்குச் செல்லும் மீனவனிடம் விரல்ரேகை கேட்டார்கள், கொடுத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையேறி நிற்கும் தடைக்காலத்தில் நிவாரணம் வேண்டுமென்றால் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் கேட்டார்கள், கொடுத்தான். கூட்டுறவுச் சங்கத்தில் அவன் மனைவி நகையை அடகு வைத்தாள். அந்தக் கணக்கும் ஏறிற்று. உப்பளத்துக் கூலிப் பட்டியல், மருத்துவமனைச் சீட்டு, மகளின் பள்ளிச் சான்று, எல்லாமே ஏறின. எங்கே ஏறின? ஏதோ ஓர் அலுவலகத்து மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் கணினிப் பெட்டிக்குள், ஹார்டு டிஸ்க் என்று கடைத்தெருவில் சொல்கிறார்களே, அந்த வன்தட்டில் ஏறின!

அந்தப் பெட்டிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த பொது ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் நிறுத்திற்று. அடுத்து வந்த விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றில் ஏற மறுக்கிறது. ஆகவே நாடெங்கும் பழைய பெட்டிகளைக் கழித்துக்கட்டும் காலம் இது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் மாணவர்கள் கைக்கு வந்த மடிக்கணினிகளும் பழுதாகிப் பழைய பொருளாகிவிட்டன. ஏலத்துக்குப் போகும்; காயலான் கடைக்குப் போகும்; அங்கிருந்து சென்னை ரிச்சி தெருவுக்கும் போகும். பெட்டி போகட்டும்! பெட்டிக்குள் இருக்கும் நம் மக்களும் சேர்ந்தா ஏலம் போவது?

"அழித்துவிட்டுத்தான் கொடுக்கிறோம்" என்பார்கள். அந்த அழிப்பின் இலட்சணத்தைப் பார்ப்போம்.

தனுஷ்கோடியை நினைத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில், பாம்பனிலிருந்து போன இரயிலைப் பயணிகளோடு கடல் விழுங்கிற்று, ஊரும் சிதைந்தது. அதன் பிறகு இரயில்வே கால அட்டவணையில் தனுஷ்கோடி இல்லை. அந்தப் பெயரைச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்க முடியாது. ஆனால், நேரில் போய்ப் பார்ப்பவன் கண்ணுக்கு நிலையத்தின் இடிபாடு தெரிகிறது. மாதா கோயிலின் சுவர் தெரிகிறது. அட்டவணையில் இல்லாத ஊர் மணலில் நிற்கிறது!

வன்தட்டிலும் அப்படித்தான். எந்தக் கோப்பு எந்த இடத்தில் என்று சொல்லும் அட்டவணை ஒன்று அதில் உண்டு. "அழி" என்று கட்டளையிட்டால் அட்டவணையில் அடித்துவிடுகிறது. விரைவு பார்மட் செய்தால் புது அட்டவணை போடுகிறது. பழைய எழுத்தின் மேல் புது எழுத்து ஏறும்வரை பழையது இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஓலைச்சுவடியில் மை மங்கினால் எழுத்தே இல்லாதது போலிருக்கும். மறுபடி மை தடவினால், எழுத்தாணி கீறிய கீறலெல்லாம் எழுந்து நிற்கும். அத்தகைய மை கணினிக்கும் உண்டு. மீட்பு மென்பொருள் என்று பெயர். இலவசமாகவே கிடைக்கிறது!

வீண் அச்சம் என்று எவரேனும் சொல்வாரானால், நடந்ததைச் சொல்கிறோம், கேட்கட்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்களாயிருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலத் என்ற இருவர், 2000 முதல் 2002 வரை 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கிச் சோதித்தார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை எத்தனை தெரியுமா? பன்னிரண்டே பன்னிரண்டு! மற்றவற்றிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள் வந்தன. மருத்துவக் குறிப்புகள் வந்தன. காதல் கடிதமும் வந்தது. பணம் வழங்கும் ஏ.டி.எம். இயந்திரத்திலிருந்து கழற்றிய வன்தட்டு ஒன்றும் வந்தது, வாடிக்கையாளரின் கணக்கு எண்களோடு!

மோர்கன் ஸ்டான்லி என்று ஒரு மாபெரும் நிதி நிறுவனம். பழைய வன்தட்டுகளை அப்புறப்படுத்தும் வேலையை, தகவல் அழிப்பில் அனுபவமே இல்லாத, வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியிடம் கொடுத்தது. அவற்றில் சில, வாடிக்கையாளர் விவரம் உள்ளே இருக்க, இணைய ஏலத்தில் விலைபோயின. 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் விதித்த அபராதம் 3 கோடியே 50 இலட்சம் டாலர். கோடி கோடியாய்க் கொட்டிக் காவல் போட்ட இடத்திலேயே இந்தக் கதி என்றால், ஒரே ஒரு எழுத்தர், ஓட்டை நாற்காலி, ஒழுகும் கூரை என்றிருக்கும் நம் சங்க அலுவலகத்தின் கதி என்ன?

குறை சொல்வதோடு நிற்பவர்களல்லர் நாம். வழி உண்டு. கைப்பெட்டி அளவில் கருவிகள் வந்திருக்கின்றன. கணினியே தேவையில்லை, வன்தட்டைக் கழற்றி அந்தப் பெட்டியில் செருகினால் போதும். அது முதலில் சோதிக்கும், பிறகு அழிக்கும், அழிந்ததா என்று மறுபடி படித்துப் பார்க்கும், கடைசியில் வன்தட்டின் தொடர் எண், நாள், செய்த முறை, முடிவு எல்லாவற்றையும் சீட்டாகக் கொடுக்கும்.

ஏன் முதலில் சோதனை? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. வன்தட்டு என்பது கோடிக்கணக்கான சிறுசிறு கட்டங்கள் கொண்டது. செக்டர் என்பார்கள். ஒரு கட்டம் கெட்டுப்போனால், வன்தட்டு தானாகவே அதை ஒதுக்கிவிட்டு, சேமிப்பில் உள்ள நல்ல கட்டத்தை அதன் இடத்தில் வைத்துக்கொள்கிறது. ஒதுக்கப்பட்ட கட்டத்தில் இருந்த எழுத்து? அங்கேயே கிடக்கிறது! மேலே எழுதி அழிக்கும் சாதாரண மென்பொருளின் கை அங்கே எட்டாது. கணினியின் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்த பகுதியும் சில வன்தட்டுகளில் உண்டு. எத்தனை கட்டம் ஒதுக்கப்பட்டது, எத்தனை மணி நேரம் ஓடியது என்றெல்லாம் வன்தட்டே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. கருவி அதைப் படிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டுப் பார்க்கிறது. மறைந்த பகுதியைத் திறக்கிறது. நோயறியாமல் மருந்து கொடுப்பவன் வைத்தியனல்லன். சோதிக்காமல் அழிப்பவனும் அழித்தவனல்லன். உப்புக் காற்று உலோகத்தைத் தின்னும் இந்தக் கடற்கரையிலே, மேலுக்கு ஓடுகிற வன்தட்டெல்லாம் நல்ல வன்தட்டு என்று எண்ணிவிட முடியுமா?

"முப்பத்தைந்து முறை எழுதி அழிக்க வேண்டுமாமே, யாரால் முடியும்?" என்று ஒரு சாக்கு. 1996-இல் பீட்டர் குட்மன் என்ற அறிஞர், அந்தக் காலத்துப் பலவகைத் தட்டுகளை மனத்தில் வைத்துச் சொன்ன கணக்கு அது. இன்றைய காந்தத் தட்டுக்கு முழுமையாக ஒருமுறை மேலெழுதினாலே போதும் என்பது அமெரிக்கத் தர நிர்ணயக் கழகத்தின் வழிகாட்டுதல். ஒரு டெராபைட் வன்தட்டு. விநாடிக்கு 150 மெகாபைட் வேகம். கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது. சரிபார்க்க இன்னொரு இரண்டு மணி நேரம். ஓர் அரைநாள் வேலைக்கா இத்தனை அழுகை?

சக்கரம் சுழலாத புதுவகைத் தட்டும் உண்டு, எஸ்.எஸ்.டி. என்பது அதன் பெயர். மேலே எழுதுவதாக நாம் நினைத்தால், அது வேறிடத்தில் எழுதிவிட்டுப் பழையதை அப்படியே வைத்திருக்கக் கூடும். ஆகவே அதற்குத் தட்டுக்குள்ளேயே இருக்கும் அழிப்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அதையும் கண்மூடி நம்பக் கூடாது. 2011-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஒரு தட்டு "அழித்துவிட்டேன்" என்று பதில் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் அப்படியே வைத்திருந்தது! அதிகாரி மட்டுமல்ல தோழர்களே, தட்டும் பொய் சொல்லும்! அழித்த பிறகு படித்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

இன்னொரு கூட்டம் உண்டு. "சுத்தியலால் அடித்து நொறுக்கு, தொல்லை விட்டது" என்பார்கள். சோதனையில் தோற்ற தட்டை நொறுக்குங்கள். நாமும் சுத்தியல் எடுத்துத் தருகிறோம். ஆனால், இன்னும் ஐந்தாண்டு உழைக்கக்கூடிய நல்ல தட்டை நொறுக்குவது யார் வீட்டுப் பணத்தை நொறுக்குவது? முழுமையாக அழித்துச் சரிபார்த்த தட்டு, கமுதியிலும் கடலாடியிலும் கணினி வாங்க வழியில்லாத பிள்ளையின் கையில் பாடநூலாகும். அப்பனின் விவரம் வெளியே போகாமலும், பிள்ளையின் படிப்பு நின்றுபோகாமலும் காக்கும் வழி இருக்கும்போது, ஒன்றைக் காக்க இன்னொன்றைப் பலியிடுவானேன்?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2023-இல் டில்லி பாராளுமன்றம் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியது. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. வேலை முடிந்தால் விவரத்தை அழித்துவிட வேண்டும் என்று 8-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. பலே! பாராட்டலாம் என்று கை தட்டப் போனால், 17-ஆம் பிரிவு கையைப் பிடிக்கிறது. அந்த அழிக்கும் கடமை, அரசும் அரசு அமைப்புகளும் கையாளும் விவரங்களுக்குப் பொருந்தாதாம்! பாதுகாக்கும் கடமை உண்டு. அழிக்கும் கடமைக்கு மட்டும் விலக்கு!

மளிகைக் கடைக்காரன் அழிக்க வேண்டும்; மாபெரும் அரசு அழிக்க வேண்டியதில்லை! பலசரக்குச் சீட்டில் உள்ள பெயருக்குக் காவல், விரல்ரேகைக்கு விலக்கு! இது எந்த ஊர் நீதி? சந்தையிலே நம்மிடம் விவரம் கேட்டால் "தரமாட்டேன், வேறு கடைக்குப் போகிறேன்" என்று சொல்லலாம். நிவாரணம் தரும் அலுவலகத்தில் அப்படிச் சொல்ல முடியுமா? வேறு வழியின்றிக் கொடுத்தவனின் விவரத்துக்கல்லவா காவல் கூடுதலாக இருக்க வேண்டும்?

எனவே நாம் கேட்பது மூன்று. ஒன்று: இந்த மாவட்டத்தில் எந்த அரசு அலுவலகமும், எந்தக் கூட்டுறவுச் சங்கமும், சோதித்து அழித்துச் சரிபார்த்த சீட்டு இல்லாமல் ஒரு வன்தட்டைக்கூட வெளியே அனுப்பக் கூடாது. இரண்டு: அந்தக் கருவிகளை மாவட்டத் தலைநகரில் பொதுவாக வாங்கி வைத்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து வெளிவந்த நம் பிள்ளைகளைக் கூலி கொடுத்து அதில் அமர்த்த வேண்டும். மூன்று: தேறிய தட்டு பள்ளிக்கூடத்துக்கு, தோற்ற தட்டு தூளாக்கும் இயந்திரத்துக்கு என்று விதி செய்ய வேண்டும்.

கேட்டால்தான் கிடைக்கும். ஆகவே தோழர்களே, அடுத்த முறை சங்கத்தின் பேரவை கூடும்போது எழுந்து நில்லுங்கள். "கழித்த கணினி எத்தனை? அவற்றின் வன்தட்டு எண் என்ன? அழித்ததற்குச் சீட்டு எங்கே?" என்று கேளுங்கள். அரசு அலுவலகம் என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம். ஒரு தாள் மனு. முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

கணினி தெரியாதே என்று தயங்காதீர்கள். கணக்குப் பிள்ளையிடம் கணக்குக் கேட்க, கணக்குப் பிள்ளையாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை. விரல்ரேகை உங்களுடையது. பெயர் உங்களுடையது. அதைக் கொடுத்தவனுக்கு, அது என்ன ஆயிற்று என்று கேட்கும் உரிமை உண்டு!