சுண்டிப் பார்க்காத சக்கரம்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையை அறிந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். சூளையிலிருந்து இறங்கிய பொருளை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்லது, ஒலி மழுங்கினால் உள்ளே கீறல். கண்ணுக்குத் தெரியாத பிளவைக் காதால் அறியும் ஊர் இது. அதே சரக்கைச் சுமக்கும் சிறு வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் மட்டும் சுண்டிப் பார்க்க ஆளில்லை. 'அலைன்மென்ட் போய்விட்டது' என்னும் ஒற்றை வரியோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. தமிழாசிரியருக்கு ஸ்டியரிங்கில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சொல்கிறோம்.

நம் தெருக்காரர் ஒருவர் சம்பளத்துக்குக் 'குட்டி யானை' ஓட்டுகிறார். வண்டி இடப்பக்கம் இழுத்தது. வேகமெடுத்தால் ஸ்டியரிங் நடுங்கியது. ஒரு பட்டறையில் இருமுறை அலைன்மென்ட் பார்த்தார்கள். முன் டயர்கள் இரண்டையும் மாற்றினார்கள். புது டயரின் உள்விளிம்பு இரண்டே மாதத்தில் தேய்ந்தது. உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் ஒருநாள் வண்டி குலுங்கியதில் பீங்கான் ஃபியூஸ் கேரியர் பெட்டிகள் நொறுங்கின. அந்தத் தொகையை அவர் சம்பளத்தில் பிடித்தார்கள்.

2005-இல் வந்த டாட்டா ஏஸின் தொடக்க கால வண்டிகளில் முன்பக்கமும் முழுநீள அச்சும் பட்டை ஸ்பிரிங்கும்தான். சக்கரம் திரும்புவதற்கு அச்சாணியாக நிற்பது கிங் பின். அதுவும் அதன் புஷ்ஷும் தேய்ந்தால் சக்கரம் தன் நிலையில் நில்லாது. இதைக் கண்டறியப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஜாக்கியில் தூக்கி, வண்டி நழுவாதபடி அடியில் தாங்கல் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்க, மீண்டும் ஆட்ட வேண்டும். நின்றுவிட்டால் குற்றம் பேரிங்கில். நிற்காவிட்டால் பெரும்பாலும் கிங் பின்னில். இட வலமாகப் பிடித்து ஆட்டுகையில் மட்டும் அசைந்தால் டை ராடு முனைகளைப் பார்க்க வேண்டும். (மெக்கானிக்குகள் 'ப்ளே' என்பார்கள், 'ஆட்டம்' என்ற நல்ல சொல்லும் அவர்களிடமே புழங்குகிறது. அகராதிக்காரர்கள் கவனிக்க.)

இழுப்பதற்கும் காரணம் ஒன்றல்ல. முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டதும் வண்டி எதிர்ப்பக்கம் இழுத்தால் குற்றவாளி டயர். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக். யு போல்ட் தளர்ந்து, பட்டைகளைக் கோத்திருக்கும் நடு போல்ட்டும் முறிந்திருந்தால் அச்சே இடம் பெயர்ந்திருக்கும். டயர் ஆங்காங்கே குழி விழுந்தாற்போலத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகிக்கலாம். இந்த இடத்தில் திருக்குறளின் மருந்து அதிகாரத்துக்குப் போகக் கை துடிக்கிறது. வகுப்பில் போதுமான அளவு போயாயிற்று.

அலைன்மென்ட் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அது கடைசி வேலை. ஆடுகிற மூட்டுகளை வைத்துக்கொண்டு சக்கரக் கோணத்தை அளப்பது, பாடபேதங்களைத் தீர்க்காமல் உரை எழுதப் புகுவதைப் போன்றது. வண்டி பட்டறை வாசலைத் தாண்டுமுன் அளவு மாறிவிடும். பழுதறியும் அரைமணி நேரத்துக்குக் கூலி கேட்க மெக்கானிக் கூசுகிறார், கொடுக்க உரிமையாளர் மறுக்கிறார். உதிரிபாகத்துக்கு மட்டும் இருவரும் கணக்குப் பார்ப்பதில்லை. அளவுக்கு மீறிய சுமையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இறுதியில் வேறொரு மெக்கானிக் சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, கிங் பின்னையும் புஷ்ஷையும் மாற்றி, அதன்பின் அலைன்மென்டுக்கு அனுப்பினார். வண்டி இப்போது நேராகப் போகிறது. ஓட்டுநரிடம் பிடித்த பணம் இன்னும் திரும்பவில்லை.