பச்சை ஜலமும் பொதுஜனக் கடமையும்

குளத்து ஜலம் பச்சையாகிவிட்டது என்று சொன்னால் நம்மவர் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. பாசியை ஒருபுறம் ஒதுக்கிவிட்டுக் குடத்தை முக்குவதும், மாடுகளை அந்த ஜலத்திலேயே இறக்கிவிடுவதும் கிராமந்தோறும் காணும் வழக்கம். படியில் கால் வழுக்கும் என்ற அச்சத்துக்கு மேல் வேறு அச்சம் எவருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆயினும், அளவு கடந்து பெருகிய பாசி மீனைக் கொல்லும், கால்நடையைக் கொல்லும், மனிதனையும் கொல்லும் என்பது கட்டுக்கதையன்று. நமது கடற்கரையிலும் உலகின் பிற பாகங்களிலும் ஆண்டும் இடமும் குறித்து எழுதப்பட்டிருக்கும் உண்மை அது. மணிமுத்தாற்றின் கரையிலே, களிமண்ணையும் சூளையையும் நம்பி வாழும் விருத்தாசலம் நகரத்தார் இவ்விஷயத்தை மற்றவரைவிட ஊன்றிக் கவனிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

பாசியெல்லாம் பகையன்று. கடலிலுள்ள நுண்ணிய பாசியை உண்டு சிற்றுயிர்கள் வாழ்கின்றன. அவற்றை உண்டு மீன்கள் வாழ்கின்றன. நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் பெரும்பகுதி இப்பாசிகளாலேயே உண்டாயிற்று. நீலப்பச்சைப் பாசியை நெல் வயலில் உரமாக இடும் முறையும் நமது குடியானவர்கள் அறிந்ததே. தீமை பாசியில் இல்லை. அதன் மிகுதியில் இருக்கிறது. உஷ்ணமும் வெளிச்சமும் நிறைந்த காலத்தில், ஓட்டமின்றித் தேங்கிய ஜலத்தில், உணவு அளவுக்கு மேல் வந்து சேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத இவ்வுயிர்கள் சில நாட்களில் கோடி கோடியாகப் பெருகுகின்றன. பெருகியவை ஒருங்கே மடிந்து அழுகும்போது ஜலத்திலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. மீன்கள் மூச்சு முட்டிச் சாகின்றன. அன்றியும், இவற்றுள் சில வகைகள் தம் உடலிலேயே கொடிய நஞ்சை உண்டாக்குகின்றன.

அந்த மிகுதியான உணவு எங்கிருந்து வருகிறது? நம்மிடமிருந்தே வருகிறது. ஊர்ச் சாக்கடை, மலஜலம், சோப்புத்தூள் கரைந்த நீர், வயலில் அளவின்றி இட்ட உரம் ஆகியவற்றிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸுமே பாசிக்கு விருந்து. கனடா தேசத்து நிபுணர்கள் 1973-ஆம் ஆண்டில் ஒரு சோதனை செய்தார்கள். ஓர் ஏரியின் நடுவே திரை கட்டி அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் இட்டார்கள். மறு பாதியில் அவற்றுடன் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி பச்சைக் குழம்பாயிற்று. மற்றப் பாதி தெளிந்தே கிடந்தது. ஆகாயத்திலிருந்து அதன் புகைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு வாதம் தேவைப்படவில்லை.

இனி நமது கடற்கரையைப் பார்ப்போம். பாசிப் பெருக்கத்தால் மலையாளக் கரையில் மீன்கள் கூட்டமாக மடிவதைப் பற்றிச் சென்னை மீன் இலாகாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னல் 1917-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். ஆகவே இது நேற்று முளைத்த விஷயமன்று. ஆயினும் அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் கவலை தருவன. 1986-ல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட மன்னார் வளைகுடாவில், 2008-ஆம் ஆண்டு அக்டோபரில் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகி மீன்களையும் பவளப்பாறைகளையும் அழித்தது. மீண்டும் 2019-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பாம்பன், மண்டபம் பகுதியில் கடல் பச்சையாயிற்று. மீனவர்கள் பூங்கோரை என்று கூறும் இப்பாசியால் கரையெங்கும் செத்த மீன்கள் ஒதுங்கின. நாக்டிலூகா தானே நஞ்சுடையதன்று. எனினும் அது மடிந்து அழுகியதால் பிராணவாயு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிற்று என்றும், பவளங்கள் இறந்ததற்கு அதுவே காரணம் என்றும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் அளந்து காட்டினார்கள். ஒரு பவளப்பாறை வளரப் பல்லாண்டுகள் ஆகும். அழிவதற்குச் சில வாரங்கள் போதும். பாறை அழிந்தால் மீன் குஞ்சு பொரித்து வளரும் இடம் அழிகிறது. அதனோடு அக்கரையில் வலை வீசுவோரின் பிழைப்பும் குன்றுகிறது.

அதே 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலைகள் நீல ஒளி வீசின. ஜனங்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று பார்த்து வியந்தார்கள். அவ்வொளிக்குக் காரணமும் இந்த நாக்டிலூகாவே. அழகைக் கண்டு மகிழ்வதில் குற்றமில்லை. ஆனால் அது எதன் அறிகுறி என்று கேட்டவர்கள் சிலரே.

மனிதருக்கு வரும் கேடு இன்னும் நேரானது. சில நஞ்சுப் பாசிகளைச் சிப்பியும் மட்டியும் உண்கின்றன. அவற்றுக்கு ஒன்றும் நேர்வதில்லை. உண்ட மனிதனுக்கு உதடு மரத்து, கைகால் செயலற்று, மூச்சும் நின்றுபோகிறது. 1981-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வயலூர் என்னும் கிராமத்தில் மட்டி உண்டவர்களில் 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள், மூவர் இறந்தார்கள். 1997-ஆம் ஆண்டு செப்டம்பரில் கேரளத்து விழிஞ்ஞத்தில் சிப்பி உண்டதால் 7 பேர் உயிரிழந்தார்கள்; நூற்றுக்கணக்கானோர் துன்புற்றார்கள். ஏழை ஜனங்களின் உணவு மட்டியும் சிப்பியும். நெருப்பில் வேகவைத்தாலும் இந்நஞ்சு நீங்குவதில்லை என்பதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

நன்னீரிலும் அபாயம் குறைவன்று. அங்கே தோன்றும் நீலப்பச்சைப் பாசி உண்மையில் ஒருவகைப் பாக்டீரியா. அதன் நஞ்சு ஈரலைத் தாக்குகிறது. ஜலத்தைக் காய்ச்சினாலும் அது அழிவதில்லை. தென் ஆஸ்திரேலியாவில் அலெக்ஸாண்ட்ரினா என்னும் ஏரியில் குடித்த ஆடுமாடுகள் மடிந்ததை 1878-ஆம் ஆண்டில் ஜார்ஜ் பிரான்ஸிஸ் என்பவர் விஞ்ஞானப் பத்திரிகையொன்றில் எழுதினார். 2020-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டில் 300-க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. குட்டைகளில் பெருகிய இப்பாசியின் நஞ்சே காரணமென்று அந்நாட்டு ஸர்க்கார் அறிவித்தது. 1996-ல் பிரேஸில் தேசத்துக் கருவாரு நகரில் சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தைச் சுத்தி செய்ய உபயோகித்த ஜலத்தில் இந்நஞ்சு கலந்திருந்தபடியால் 50-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். செல்வத்திலும் யந்திர வசதியிலும் குறைவில்லாத அமெரிக்காவில், 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டில், டொலிடோ நகரத்தார் ஏறக்குறைய 4 லக்ஷம் பேர் குழாய் ஜலத்தைக் குடிக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டார்கள். பணக்கார நகரத்துக்கே இக்கதி நேருமானால், குட்டை ஜலத்தை நம்பிய மாட்டுக்கும் மனிதனுக்கும் யார் காவல்?

விருத்தாசலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். விருத்தகாசி என்று போற்றப்படும் இந்நகரில், மாசி மகத்தன்று மணிமுத்தாற்றில் நீராடிப் பித்ருக்களுக்குத் தர்ப்பணம் செய்ய ஜனங்கள் திரள்கிறார்கள். அந்த மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பைக் கடந்து பரங்கிப்பேட்டையில் சமுத்திரத்தை அடைகிறது. அதன் முகத்துவாரத்துக்கு அருகே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகள் இருக்கின்றன. ஆகவே விருத்தாசலத்தின் சாக்கடை ஆற்றில் விழுமாயின், அது விருத்தாசலத்தோடு நின்றுவிடாது. கோடையில் ஆறு வற்றிக் குட்டையாகும்போது கெடுதல் ஊருக்கு. மழைக்காலத்தில் வெள்ளம் அடித்துச் செல்லும்போது கெடுதல் பரங்கிப்பேட்டை மீனவனுக்கு. அண்டையிலுள்ள வீராணம் ஏரியோ 2004-ஆம் ஆண்டு முதல் சென்னை நகரின் தாகத்தையும் தீர்த்து வருகிறது. இப்பிரதேசத்து ஜலத்தைக் காப்பது உள்ளூர்க் காரியம் மட்டுமன்று.

பீங்கான் தொழிலின் மீது பழி சுமத்துவது நமது நோக்கமன்று. களிமண் கரைந்த நீர் ஆற்றைக் கலக்கலாம். மெருகுப் பூச்சில் சேரும் உலோகப் பொருள்களைக் கண்டபடி கொட்டுவதும் தவறே. ஆனால் பாசிக்கு உணவு களிமண்ணன்று. அவ்வுணவு நகரத்தார் ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும், சுற்றுக் கிராமத்து வயல்களிலிருந்தும் வருகிறது. குயவர் தெருவைச் சுட்டிக்காட்டிவிட்டு மற்றவர் தப்பிவிட முடியாது.

களிமண்ணே இவ்வியாதிக்கு ஒரு மருந்தாகவும் கூடும் என்பது பலருக்கு வியப்பாயிருக்கலாம். தென் கொரியாவில் 1995-ஆம் ஆண்டில் நஞ்சுப் பாசி பெருகி வளர்ப்பு மீன்கள் பெருவாரியாக மடிந்தன. அடுத்த ஆண்டு முதல் அந்நாட்டார் மஞ்சள் களிமண்ணைக் கப்பல்களிலிருந்து கடல்மீது தூவி வருகிறார்கள். மண்துகள் பாசியோடு ஒட்டிக்கொண்டு அதை அடியில் ஆழ்த்துகிறது. ஆஸ்திரேலிய நிபுணர்கள் லாந்தனம் என்னும் பொருளைச் சேர்த்த ஒருவகைக் களிமண்ணைக் கொண்டு ஏரி ஜலத்திலுள்ள பாஸ்பரஸைப் பிடித்து வைக்கும் முறையைக் கண்டார்கள். இம்முறைகளில் குறையும் உண்டு. அடியில் வாழும் ஜந்துக்களை மண் மூடக்கூடும். சாக்கடை நிற்காதவரை பாசியும் நிற்காது. எனினும் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் தொழிற்பேட்டையும் இருக்கின்றன. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. மண்ணை அறிந்தவரும் கடலை அறிந்தவரும் ஒரே ஆற்றின் இரு முனைகளில் இருக்கிறார்கள். இவர்கள் கூடி, நமது மண்ணில் எது எவ்வளவு பயன்படும் என்று தொட்டிகளிலும் சிறு குட்டைகளிலும் சோதித்துப் பார்ப்பதற்கு ஸர்க்கார் பொருளுதவி செய்தால், அது வீண் செலவாகாது.

பாசி பெருகுவது பருவத்தின் செயல், பருவக்காற்றையும் வெயிலையும் மனிதன் தடுக்க முடியுமா என்று கேட்போர் உண்டு. முழுவதும் தடுக்க முடியாதென்பது மெய்யே. கடல் உஷ்ணம் ஏறிவரும் இக்காலத்தில் தொல்லை மிகவும் கூடும். ஆனால் வெயில் நம் வசத்தில் இல்லையென்பதற்காக, நம் வசத்திலுள்ள சாக்கடையையும் விட்டுவிடலாமா? செத்துவிட்டதாகவே கருதப்பட்ட ஈரி ஏரியைக் குறித்து அமெரிக்காவும் கனடாவும் 1972-ல் உடன்படிக்கை செய்து, சலவைத் தூளிலும் சாக்கடையிலும் பாஸ்பரஸைக் குறைத்தன. சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. பின்னர் வயல் உரத்தைக் கவனியாமல் விட்டார்கள். பாசி திரும்பி வந்தது. டொலிடோ நகரத்தார் குடிப்பது அந்த ஏரி ஜலமே. முயன்றால் பலன் உண்டு, அயர்ந்தால் அழிவு உண்டு என்ற இரண்டையும் அவ்வொரு ஏரியே கற்பிக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. சுத்தி செய்யாத சாக்கடை ஒரு துளியும் மணிமுத்தாற்றில் விழாதபடி நகரசபையார் செய்ய வேண்டும். ஜல மாசு தடுப்புச் சட்டம் 1974-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது, அதை ஏட்டிலிருந்து ஆற்றங்கரைக்குக் கொண்டுவருவதே பாக்கி. கோடை மாதங்களில் குடிநீர் ஏரிகளிலும் கால்நடைக் குட்டைகளிலும் பாசி நஞ்சைச் சோதித்து, அதன் முடிவை ஊர்ப் பொதுவிடங்களில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். குடிநீரில் மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சு லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாதென்று உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுத்திருக்கிறது. அந்த அளவை நமது அதிகாரிகளும் கைக்கொள்ள வேண்டும். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் நிலையத்தார் செயற்கைக் கோள் மூலம் கண்டறியும் பாசிச் செய்தி மீனவன் படகில் ஏறுமுன் அவன் செவிக்கு எட்ட வேண்டும். மண்ணைச் சோதித்து வேண்டிய அளவே உரமிடக் குடியானவர்களுக்கு விவசாய இலாகா வழிகாட்ட வேண்டும். மிகுதியாக இட்ட உரம் பணமும் போய் ஆறும் போகும் காரியம்.

இவற்றையெல்லாம் அதிகாரிகள் தாமாகவே செய்துவிடுவார்களென்று நாம் காத்திருப்பதற்கில்லை. பொதுத் தொண்டில் ஈடுபட்ட இளைஞர்கள் ஊர்தோறும் சென்று, பச்சைச் சாயம் கரைத்தாற்போல் ஜலம் மாறி ஏடு படர்ந்து துர்நாற்றம் வீசினால் குடிக்கலாகாது, மாட்டையும் விடலாகாது, காய்ச்சினாலும் பயனில்லை என்ற மூன்று வார்த்தைகளை ஜனங்களுக்குச் சொல்லட்டும். நகரசபைக் கூட்டத்தில் சாக்கடைக் கணக்கை எழுந்து கேட்கட்டும். பித்ருக்களுக்கு எள்ளும் ஜலமும் விடும் ஆற்றைப் பிள்ளைகளுக்கு நஞ்சாக விட்டுச் செல்வது எந்தத் தர்மத்துக்கும் பொருந்தாது. அடுத்த மாசி மகத்துக்குள் விருத்தாசலம் இக்காரியத்தைத் தொடங்குமானால், வெள்ளாற்றங்கரை முழுவதும் அதைப் பின்பற்றும் என்று நம்புகிறோம்.