கடைசி 20 நிமிஷம்தான் ரக்பி! நியூசிலாந்து தப்புமா?

தென் ஆப்பிரிக்காவுக்கு நியூசிலாந்து ரக்பி அணி போகிறது. 2026 ஆகஸ்டு, செப்டம்பரில் மொத்தம் 8 ஆட்டம். அதில் 4 டெஸ்ட். 1996-க்குப் பிறகு இப்படி ஒரு முழுச் சுற்றுப்பயணம் இதுதான் முதல் தடவை.

ஜெயிக்கப் போவது யார்? பழைய கணக்கைப் புரட்டினால் விடை கிடைத்து விடும்.

68 வருஷத் தவம்

நியூசிலாந்து முதன்முதலில் அங்கே போனது 1928-ல். தொடர் 2-2 என்று சமமாக முடிந்தது. 1949-ல் 4 டெஸ்டிலும் மண்ணைக் கவ்வியது. 1960, 1970, 1976 மூன்று தடவையும் தோல்விதான். அந்தக் காலத்தில் டெஸ்டுக்கு நடுவரும் உள்ளூர்க்காரர்! 1996-ல்தான் 2-1 என்று முதல் தொடரை ஜெயித்தது. 68 வருஷம் ஆயிற்று!

1996-ல் மட்டும் எப்படி முடிந்தது? கேப்டன் ஷான் பிட்ஸ்பாட்ரிக்கோடு போனது 36 பேர் கொண்ட பெரும் படை. வாரத்தின் நடுவே வரும் ஆட்டங்களுக்கு ஒரு அணி, டெஸ்டுக்கு வேறு அணி. டெஸ்ட் ஆடுகிறவன் களைக்காமல் களத்தில் இறங்கினான். அவ்வளவுதான் ரகசியம்.

ஏமாறாதீர்கள்!

இந்தப் பயணத்தில் ஸ்டார்மர்ஸ், ஷார்க்ஸ், புல்ஸ், லயன்ஸ் என்ற 4 உள்ளூர் அணிகளோடும் ஆட்டம் உண்டு. அதில் நியூசிலாந்து வெளுத்து வாங்கினால் "டெஸ்டும் இவர்களுக்குத்தான்" என்று பலர் அடித்துச் சொல்வார்கள். நம்பிவிட வேண்டாம். 1970-ல் நியூசிலாந்து அங்கே 24 ஆட்டம் ஆடியது. 21 வெற்றி, 3 தோல்வி. அந்த மூன்று தோல்வியும் டெஸ்டில்! மற்ற ஆட்டம் அத்தனையும் ஜெயித்து என்ன பயன்? தொடர் போயே போய் விட்டது.

மூச்சு வாங்குமா?

ஜோகன்னஸ்பர்க் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்று லேசு. வெளியூர்க்காரனுக்கு மூச்சு வாங்கும். உதைத்த பந்தும் கூடுதல் தூரம் பறக்கும். ஆனால் உயரம் மட்டுமே ஆட்டத்தைத் தீர்மானித்து விடாது. அதே நகரத்து எப்.என்.பி. மைதானத்தில் 2010-ல் கடைசி இரண்டே நிமிஷத்தில் இரண்டு டிரை போட்டு 29-22 என்று ஜெயித்தது நியூசிலாந்து. எல்லிஸ் பார்க்கில் 2022-ல் 35-23 என்று தூக்கி அடித்தது.

வெடிகுண்டுப் படை

அப்படியானால் எது தீர்மானிக்கிறது? கடைசி 20 நிமிஷம்!

ரக்பி 80 நிமிஷ ஆட்டம். களத்தில் 15 பேர், வெளியே மாற்று ஆட்டக்காரர்கள் 8 பேர். அந்த 8 பேரை வைத்து ஜெயிப்பதில் தென் ஆப்பிரிக்கா கில்லாடி. எதிராளி களைத்துப் போன நேரத்தில், மலை மாதிரி முன்வரிசை ஆட்டக்காரர்களை மொத்தமாக உள்ளே இறக்குவார்கள். 'வெடிகுண்டுப் படை' என்றே அவர்களுக்குப் பெயர். 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அந்த 8 பேரில் 7 பேர் முன்வரிசைக்காரர்கள். முடிவு: 12-11. ஒரே ஒரு பாயிண்டில் கோப்பை போயிற்று.

2024-ல் எல்லிஸ் பார்க்கில் நியூசிலாந்து 27-17 என்று முன்னணியில் இருந்தது. கடைசிக் கட்டத்தில் 14 பாயிண்டைப் பறிகொடுத்து 27-31 என்று தோற்றது. 2025 செப்டம்பரில் சொந்த ஊர் வெலிங்டனில் இடைவேளை வரை 10-7 என்று முந்தி இருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு ஒரு பாயிண்டு கூட இல்லை. எதிரணி 36 பாயிண்டு குவித்தது! 43-10. நியூசிலாந்து ரக்பி வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய தோல்வி இல்லை.

கேப்டவுனில் நியூசிலாந்துக்குக் கைதட்டல்

இந்தப் பகையில் அரசியலும் கலந்திருக்கிறது. நிறவெறி ஆட்சி நடந்த 1970-ல் நியூசிலாந்தின் மாவோரி ஆட்டக்காரர்களை 'கவுரவ வெள்ளையர்' என்று பெயர் சூட்டித்தான் உள்ளே விட்டார்கள். 1976-ல் நியூசிலாந்து மறுபடி அங்கே போனது. அதைக் கண்டித்து ஆப்பிரிக்க நாடுகள் 20-க்கு மேல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. அந்தக் காலத்தில் வெள்ளையர் அணி தோற்க வேண்டும் என்று கேப்டவுனின் கலப்பின மக்கள் நியூசிலாந்துக்குக் கைதட்டினார்கள். சில குடும்பங்களில் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஆனால் காலம் மாறி விட்டது. 2018-ல் சியா கோலிசி தென் ஆப்பிரிக்காவின் முதல் கறுப்பின டெஸ்ட் கேப்டன் ஆனார். 2019, 2023 இரண்டு உலகக் கோப்பையையும் தூக்கிக் காட்டியவர் அவர்தான்.

முடிவு என்ன ஆகும்?

ஆகஸ்டு 22, எல்லிஸ் பார்க்: தென் ஆப்பிரிக்கா. வித்தியாசம் 7 பாயிண்டுக்குள்.

ஆகஸ்டு 29, கேப்டவுன்: நியூசிலாந்து. கடலோர ஊர், மூச்சுப் பிரச்சினை இல்லை. கூட்டத்தில் கொஞ்சம் பேர் இவர்கள் பக்கம்.

செப்டம்பர் 5, எப்.என்.பி. மைதானம்: தென் ஆப்பிரிக்கா. மூன்றாவது வாரம், களைப்பு தெரியும். அங்கேதான் அந்த 8 பேர் வேலையைக் காட்டுவார்கள்.

செப்டம்பர் 12, அமெரிக்காவில் பால்டிமோர்: இருவருக்கும் சொந்த ஊர் இல்லை. ஆனாலும் தென் ஆப்பிரிக்கா பக்கமே தராசு சாய்கிறது.

ஆக, 3-1.

இந்தக் கணக்கைப் பொய்யாக்க நியூசிலாந்துக்கு ஒரே வழிதான். 60-வது நிமிஷத்தில் 10 பாயிண்டு முன்னணி போதாது என்பது 2024-ல் தெரிந்து விட்டது. 1996 மாதிரி, உட்கார வைத்திருக்கும் ஆட்களையும் களத்தில் ஆடுகிறவர்களுக்குச் சமமாகத் தயார் பண்ண வேண்டும். செய்தால் தொடர் 2-2. செய்யாவிட்டால் பழைய கதைதான்!