பூச்சி, மருந்து: இரு பிழைச் சொற்கள்

சுரும்பு, ஞிமிறு, தும்பி, வண்டு என்று மலரை நாடி வரும் உயிர்களைப் பெயர் பிரித்து அழைத்த மொழி நம்முடையது. இன்று அவை அனைத்துக்குமாக அன்றாடப் பேச்சில் மிஞ்சியிருப்பது ‘பூச்சி’ என்ற ஒற்றைச் சொல். அவற்றைக் கொல்லும் நஞ்சுக்கோ ‘மருந்து’ என்று பெயர். திருப்பூரின் மொட்டை மாடிகளில் நடக்கும் கொலைகள் இவ்விரு சொற்களிலிருந்தே தொடங்குகின்றன என்பது நம் குற்றச்சாட்டு.

உழவரின் நிலை வேறு. கடன் வாங்கி விதைத்தவர் அச்சத்தில் தெளிக்கிறார். அதை ஏற்க முடியாவிட்டாலும் புரிந்துகொள்ள முடியும். பத்துத் தொட்டிகளில் கத்தரியும் செம்பருத்தியும் வளர்க்கும் நமக்கு என்ன நெருக்கடி? ‘வீட்டுக் காய், விஷமில்லாத காய்’ என்று பெருமை பேசும் நாமே, கொழுந்தில் வெள்ளையாக எதையேனும் கண்டதும் கடைக்கு ஓடி இமிடாகுளோபிரிட் வாங்கி வருகிறோம். அது இலையின் மேல் நின்றுவிடும் நஞ்சன்று. செடிக்குள் புகுந்து, தேனிலும் மகரந்தத்திலும் கலந்து வெளிப்படுவது. அதையும் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு இரண்டையும் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது, காரணம் தேனீக்கள். அந்த ஐரோப்பாவின் குழந்தைகளுக்குத்தான் ‘ஆர்கானிக் காட்டன்’ என்று சீட்டுக் கட்டி நம் ஊர் உடுப்புகளை அனுப்புகிறது. சீட்டு அவர்களுக்கு, நஞ்சு நம் பிள்ளைகளுக்கா?

‘மருந்தில்லாமல் மாவுப்பூச்சி போகாது’ என்பார்கள். இதற்கான மறுமொழியை நம் வட்டாரமே எழுதி வைத்திருக்கிறது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி, பருத்தி என ஒன்றையும் அது விடவில்லை. தெளித்த நஞ்சை அதன் மெழுகுப் போர்வை தடுத்தது. அதை உண்ணும் உயிர்களோ முதலில் மடிந்தன. உடுமலைப் பக்கத்துப் பட்டு வளர்ப்போர் பாடு இன்னும் மோசம். நஞ்சு பட்ட மல்பெரி இலையைப் பட்டுப்புழுவுக்குப் போட முடியாது. 2010-இல் பெங்களூரில் இருந்த தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி உழவர்களுக்குக் கொடுத்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு அதை உள்ளிருந்தே தின்றுவிடும். நஞ்சால் ஆகாத வேலையை அது முடித்தது. அந்தக் குளவியும் நம் அகராதியில் வெறும் ‘பூச்சி’தான்.

மாடியில் செய்ய வேண்டியது எளிது. பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. ஒரு துண்டைச் சோப்பு நீரில் நனைத்து மாவுப்பூச்சியைத் துடைத்தெடுக்கலாம். அசுவினியை இலையின் அடிப்புறத்தில் வேகமாக நீர் பாய்ச்சியே உதிர்க்கலாம். எறும்புகளை முதலில் தடுக்க வேண்டும். இவை சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் இவற்றுக்குக் காவல் நிற்கின்றன. பொறிவண்டின் புழுவைப் பகையென்று நசுக்கிவிடக் கூடாது. அசுவினியை உண்பது அதுவே.

அதற்கும் அடங்காவிட்டால் லிட்டர் நீருக்கு 3 முதல் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய சிறிது சோப்பு. இயற்கையானது என்பதற்காகப் பூவின் மீது அடிக்கலாகாது. சோப்புக் கரைசல் மேலே பட்டால் தேனீயும் சாகும். ‘மாலையில் தெளி’ என்ற பொது விதியையும் கண்மூடிப் பின்பற்ற முடியாது. பூசணியும் பாகலும் காலையில் மலர்பவை. அவற்றுக்கு மாலை சரி. சுரையும் பீர்க்கும் மாலையில்தான் மலர்கின்றன. அவற்றை நாடி வரும் அந்துப்பூச்சிகளுக்கு அதுவே விருந்து வேளை. செடியை அறியாமல் விதியை மட்டும் அறிந்து பயனில்லை.

‘இரண்டு தொட்டியில் தெளித்தால் ஊர்த் தேனீயெல்லாம் செத்துவிடுமா?’ என்ற ஏளனமும் வரும். சுவர்ப் பொந்தில் கூடு கட்டும் கொசுத்தேனீ தொலைதூரம் பறக்காது. சாலையும் கட்டடமும் நிறைந்த தெருவில் அந்த இரண்டு தொட்டிகள்தாம் அதன் காடு. ‘என் ஒருவனின் கழிவால் நொய்யல் கெட்டுவிடுமா?’ என்ற கேள்வியும் இதே இனம்தான். அதற்கு விடையாக நொய்யலே நம் கண்முன் கிடக்கிறது.

ஆகவே சொல்லிலிருந்து தொடங்குவோம். அடுத்த முறை கடையில் ‘மருந்து’ என்று கேட்காமல், ‘நஞ்சு கொடுங்கள்’ என்று கேட்டுப் பார்ப்போம். அப்படிக் கேட்க நாக் கூசினால், வாங்காமலே திரும்பிவிடலாம்.