கூலியும் உரிமையும்

பனையோலை இழைத்தும் பலகாரம் செய்தும் பெண்கள் பொருளீட்டுவது நமக்குப் புதிதன்று. ஆயின், உழைப்பவள் ஒருத்தி, இலாபம் பெறுபவர் வேறொருவர் என்னும் நிலையையே பலவிடத்தும் காண்கிறோம்.

1959ஆம் ஆண்டு பம்பாயின் கிர்காம் பகுதியில் 7 பெண்கள், 80 ரூபா கடன் பெற்று, மொட்டைமாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். முதல்நாள் ஆனவை 4 பொதிகளே. 'லிஜ்ஜத்' எனப் பெயர்பெற்ற அத்தொழில் இன்று பல்லாயிரம் பெண்களுக்கு வாழ்வளிக்கிறது. நிலையத்தில் பிசைந்த மாவைப் பெற்று, வீட்டிலேயே அப்பளம் இட்டு ஒப்படைக்கின்றனர். ஒவ்வொருத்தியும் அங்கே பங்காளி. இலாபமும் நட்டமும் எல்லார்க்கும் பொது. நன்கொடை ஏற்பதில்லை என்பது அவர்தம் விதி.

பெண்ணுக்கு வேலை கொடுத்தோம் என்று பெருமை பேசுமுன், அத்தொழிலில் அவளுக்குப் பங்குண்டா என்று நாம் கேட்போமாக. கூலி அன்றாடப் பசியை ஆற்றும். உரிமையே அவளைத் தலைநிமிரச் செய்யும்.